நனைந்த பாயும் மருந்துக் குளிசையும்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலே சிறப்பாகச் சித்தியெய்திய கிராமத்துச் சிறுவன் ஒருவன், பட்டணத்துப் பெரிய பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கின்றான் எனக் கொள்க. தந்தையார் கோபிக்கின்றார். தாயார் கண்ணீர் விடுகின்றார். ஆசிரியரும் அயலவரும் புத்தி சொல்லிப் பார்க்கின்றனர். அவன் வாய் திறக்கவில்லை. பாடத்திலே அவனுக்கு அச்சமில்லை. வீட்டைப் பிரிவதிலும் அத்துணைத் துயரமில்லை. விடுதியிலே வரிசையாகக் கிடக்கும் கட்டில்களை நினைத்தே அவன் நடுங்குகின்றான். பத்து வயது நிரம்பிய பின்னரும் அவன் உறக்கத்திலே பாயை நனைக்கின்றான். வீட்டுக்குள்ளே மறைத்து வைத்திருக்கும் இவ்விடயம் விடுதியில் ஒரே காலைப்பொழுதில் வெளிப்பட்டுவிடும் என்பதை அவன் நன்கறிவான்.

இத்தகைய பிள்ளைகள் ஒருவர் இருவரல்லர். ஐந்து வயதுப் பிள்ளைகள் நூற்றுவரை எடுத்துக்கொண்டால், அவர்களுள் ஏறத்தாழ 15 பேர் இரவிலே படுக்கையை நனைப்பவர்களாக இருப்பர். பத்து வயதிலே இத்தொகை ஐந்தளவுக்குக் குறையும். குமரப் பருவம் முடிந்து வளர்ந்த பின்னரும் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடத்து இது நீடிப்பதுண்டு. பெண் பிள்ளைகளைக் காட்டிலும் ஆண் பிள்ளைகளிடத்தே இது மிகுதியாகக் காணப்படுகின்றது. நாற்பது பிள்ளைகள் கற்கும் ஐந்தாந் தர வகுப்பொன்றில் இருவராவது இத்துன்பத்தை மனத்துள் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கக்கூடும். ஆயினும், அவ்விருவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார். தம்மைப் போன்றவர் இவ்வுலகில் வேறெவருமிலர் என்றே இருவரும் எண்ணிக்கொண்டிருப்பர்.

இது சோம்பலினால் வருவது, குறும்பினால் வருவது என்னும் எண்ணம் இன்னும் பல வீடுகளில் நிலவுகின்றது. அதனாற் பிள்ளையை அடிப்போரும், ஈரப் பாயைத் தலையிற் சுமக்கச் செய்வோரும், உறவினர் முன்னிலையிற் பரிகசிப்போரும் உளர். உறக்கத்தில் நிகழும் ஒன்றைப் பிள்ளை விரும்பிச் செய்வதும் இல்லை. விரும்பித் தடுக்கவும் இயலாது. தண்டனையினாற் பாய் உலர்வதில்லை. அச்சமும் வெட்கமுமே மிகுகின்றன.

பழங்காலந்தொட்டே மக்கள் இதற்கு மருந்து தேடி வந்துள்ளனர். கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுருளிலும் இதற்குப் பரிகாரம் கூறப்பட்டுள்ளது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலே தோமஸ் பேயர் என்னும் மருத்துவர் பிள்ளை வைத்தியம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலிலே இதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். சேவலின் மூச்சுக்குழலைப் பொடித்துக் கொடுக்கலாம் என்பது அவர் கூறிய வழிகளுள் ஒன்று. இன்று அதைக் கேட்போர் நகைப்பர். ஆனால், காரணத்தை அறியாமல் மருந்து கொடுக்கும் வழக்கம் பேயரோடு ஒழிந்துவிடவில்லை. ஆகவே, மருந்தைப் பற்றி ஆராயுமுன் காரணத்தை அறிதல் முறையாகும்.

இரவு முழுவதும் உலர்ந்த படுக்கையில் உறங்குவதற்கு மூன்று விடயங்கள் ஒத்துழைக்க வேண்டும். முதலாவது, சிறுநீரின் அளவு இரவிலே குறைதல் வேண்டும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து வசோபிரெசின் என்னும் ஓமோன் குருதியிற் கலக்கின்றது. அது சிறுநீரகத்தை அடைந்து, நீரை வெளியே விடாது மீண்டும் உடலுக்குள் எடுத்துக்கொள்ளும்படி செய்கின்றது. பெரும்பாலானோரிடத்து இவ்வோமோன் இரவிலே கூடுதலாகச் சுரக்கும். படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் பலரிடத்து இந்த இரவு ஏற்றம் நிகழ்வதில்லை என்பதை டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் 1980களில் எடுத்துக்காட்டினர். இரண்டாவது, சிறுநீர்ப்பை போதிய அளவு கொள்ளவேண்டும். பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆற் பெருக்கினால், அவ்வயதில் எதிர்பார்க்கத்தக்க கொள்ளளவு மில்லிலீற்றரிற் கிடைக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது 240 மில்லிலீற்றர் ஆகும். பை இதனினும் சிறிதளவே கொள்ளுமாயினும், நிரம்புமுன்னரே தானாகச் சுருங்குமாயினும் படுக்கை நனையும். மூன்றாவது, பை நிரம்பியதும் மூளைக்குச் செல்லும் செய்தி உறங்குபவரை எழுப்புதல் வேண்டும். இப்பிள்ளைகளிடத்து அச்செய்தி உறக்கத்தைக் கலைப்பதில்லை.

பரம்பரையும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றது. தாய் தந்தையருள் ஒருவர் சிறு வயதில் இவ்வாறிருந்திருப்பின், பிள்ளைகளுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர்க்கும், இருவரும் இருந்திருப்பின் எழுபத்தைந்துக்கு மேற்பட்டோர்க்கும் இது வரக்கூடும் எனக் கணித்துள்ளனர். 1995ஆம் ஆண்டில் டென்மார்க் ஆராய்ச்சியாளர் 13ஆம் நிறமூர்த்தத்தில் இதனோடு தொடர்புடைய பகுதியொன்றை இனங்கண்டனர். பிள்ளையைக் கடிந்துகொள்ளும் தந்தையார், முதலில் தம் தாயாரிடம் தமது இளமைக் காலத்தைப் பற்றி விசாரித்துப் பார்ப்பது நன்று. அவ்விசாரணையின் பின் பல வீடுகளிற் கடுஞ்சொல் அடங்கிவிடும். தந்தையார் தம் கதையைப் பிள்ளைக்குக் கூறுவாராயின், அதனினும் மேலான ஆறுதல் பிள்ளைக்கு வேறில்லை.

வைத்தியரிடம் செல்லும்போது அவர் முதலிற் கேட்பது, இப்பிள்ளை எப்போதாவது ஆறு மாதங்கள் தொடர்ந்து நனையாமல் இருந்ததுண்டா என்பதாகும். பிறந்தது முதல் இடைவிடாது இருந்துவரின் அது பெரும்பாலும் வளர்ச்சித் தாமதமேயாகும். நெடுங்காலம் நன்றாயிருந்த பிள்ளை திடீரென மீண்டும் நனைக்கத் தொடங்கினால், அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். சிறுநீர்ப் பாதையிற் கிருமி தொற்றியிருக்கலாம். குடும்பத்தில் மரணமோ பிரிவோ நேர்ந்திருக்கலாம். 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், போர் அச்சத்தினால் இங்கிலாந்து நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளிடத்துப் படுக்கை நனைத்தல் பெருமளவிற் காணப்பட்டு, அந்நாட்டிற் பொதுப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. போரும் இடப்பெயர்வும் கண்ட நம் நாட்டினருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

யாவற்றினும் முக்கியமானது நீரிழிவு. பிள்ளை புதிதாகப் படுக்கையை நனைப்பதோடு, ஓயாது தாகமெடுத்துத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, மெலிந்து சோர்வானாயின், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாய் நனைகின்றது என்று தண்ணீர்க் குவளையை ஒளித்து வைத்துக்கொண்டு நாளைக் கடத்துவது பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாய் முடியும். சிறுநீரையும் குருதியையும் சோதித்தால் உண்மை சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

மலச்சிக்கலையும் பலர் கவனிப்பதில்லை. இறுகிய மலத்தால் நிறைந்த குடல் அருகிலுள்ள சிறுநீர்ப்பையை நெருக்குகின்றது. மலச்சிக்கலைத் தீர்த்த மாத்திரத்திலேயே சில பிள்ளைகளின் படுக்கை உலர்ந்துவிடுவதுண்டு. பகலில் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தல், பாடசாலையில் அடக்கி வைக்காமல் வேளைக்கு வேளை சிறுநீர் கழித்தல், மாலைக்குப் பின் தேநீர், கோப்பி ஆகியவற்றை விலக்கல், படுக்கைக்குப் போகுமுன் ஒருமுறை கழித்தல் என்பன எளிய முறைகள். நள்ளிரவிலே அரைத்தூக்கத்திற் பிள்ளையைத் தூக்கிச் சென்று இருத்துவதால் அன்றைய பாய் உலர்ந்திருக்கலாம். எழும்பும் பழக்கத்தைப் பிள்ளை அதனாற் கற்றுக்கொள்வதில்லை.

இவற்றால் நிவாரணம் கிடைக்காதவிடத்து, இன்று முதலாவதாகக் கருதப்படும் சிகிச்சை மருந்தன்று, மணியாகும். 1904ஆம் ஆண்டிலே பவுண்ட்லர் என்னும் குழந்தை வைத்தியர், வைத்தியசாலையிற் குழந்தைகள் நனைந்ததைத் தாதியர் உடனறிவதற்காக மின்மணியொன்றை அமைத்தார். தாதியர்க்கென அமைத்த மணியினாற் சில குழந்தைகள் நனைப்பதையே விட்டுவிட்டன என்பதை அவர் கண்டார். 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மௌரர் தம்பதியினர் இதனை ஒரு சிகிச்சையாகவே வளர்த்தெடுத்தனர். முதற்றுளி ஈரம் பட்டதும் மணி ஒலிக்கும், பிள்ளை விழிக்கவேண்டும், விழிக்காவிடிற் பெற்றார் எழுப்பவேண்டும். இரண்டு மூன்று மாதங்கள் தளராது செய்தால், மூவரில் இருவரளவினர் பயனடைகின்றனர். மணியை நிறுத்திய பின்னரும் அவர்களுட் பலரிடத்து அப்பயன் நிலைக்கின்றது. ஆனால், ஓர் அறையிலே குடும்பத்தார் அனைவரும் உறங்கும் வீட்டிலும், விடிய எழுந்து வேலைக்குச் செல்லும் தாயார் தனித்துப் பாடுபடும் வீட்டிலும் இரவுதோறும் மணி ஒலிப்பது எளிதன்று. இத்தகைய வீடுகளிலேதான் மருந்து பற்றிய கேள்வி எழுகின்றது.

இதற்குப் பரவலாக வழங்கப்பட்ட முதற் குளிசை இமிப்பிரமீன். அது உளச்சோர்வுக்கென வந்த மருந்து. சுவிற்சலாந்திலே ரோலண்ட் கூன் என்னும் உளநோய் வைத்தியர் அதன் பயனை 1957ஆம் ஆண்டில் அறிவித்தார். 1960ஆம் ஆண்டிலே மக்லீன் என்பவர், அம்மருந்தினாற் படுக்கை நனைத்தலும் குறைகின்றது என எழுதினார். பின்னர்ப் பல நாடுகளிலும் அது பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, மருந்துண்ணும் காலத்தில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தொடர்ந்து உலர்ந்திருந்தனர் என்பதும், ஏனையோர்க்குப் பயன் சிறிதே என்பதும், மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோர் பழைய நிலைக்கே திரும்பினர் என்பதும் புலனாயின.

பயன் இத்துணைச் சிறிதாயிருக்க, அதன் ஆபத்தோ பெரிது. அளவு மிஞ்சினால் இமிப்பிரமீன் இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும், வலிப்பையும் உண்டாக்கும், உயிரையும் பறிக்கும். ஒரு குளிசையில் ஓரளவு நன்மையெனின் நான்கில் முழு நன்மை கிடைக்கும் என்று பிள்ளை தானே எண்ணி விழுங்கலாம். மேசையில் வைத்த குளிசையைத் தவழ்ந்து வந்த தம்பி இனிப்பென்று வாயில் இடலாம். ஆகையால் இன்று இது முதல் மருந்தாக வழங்கப்படுவதில்லை. பிற வழிகள் பலியாதவிடத்து, சிறப்பு வைத்தியர் இருதயத்தையும் குடும்ப வரலாற்றையும் ஆராய்ந்த பின்னரே இதனைக் கொடுப்பார். வீட்டிலே பூட்டிய பெட்டியில் வைத்தல் வேண்டும். நிறுத்தும்போதும் ஒரேயடியாக நிறுத்தாது படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

இன்று மருந்துகளுள் முதலிடம் பெறுவது டெஸ்மோபிரெசின். மேலே கூறிய வசோபிரெசின் என்னும் ஓமோனின் அமைப்பைக் கண்டறிந்து அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய வின்சென்ற் டு விக்னோட் என்பவர் 1955ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவ்வமைப்பிலே சிறு மாற்றங்கள் செய்து, நெடுநேரம் செயற்படும் டெஸ்மோபிரெசினைப் பிராக் நகரத்து இரசாயனவியலாளர் 1967ஆம் ஆண்டில் ஆக்கினர். படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்கு இது உதவும் என்னும் செய்தி 1977ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரவில் உண்ணும் இக்குளிசை, சில மணி நேரத்துக்குச் சிறுநீரகம் சிறிதளவு சிறுநீரையே வெளிவிடும்படி செய்கின்றது. ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு முழுப்பயனும், வேறு சிலர்க்கு ஓரளவு பயனும் கிடைக்கின்றன, எஞ்சியோர்க்குப் பயனில்லை. இரவிலே மிகுதியாகச் சிறுநீர் சுரப்பவர்க்கே இது பெரிதும் பொருந்தும். முதல் இரவுகளிலேயே பயன் தெரிந்துவிடுவதால், சுற்றுலா, முகாம், உறவினர் வீட்டுத் திருமணம் போன்றவற்றுக்கு உதவியாகின்றது. ஆயினும், பிள்ளைக்கு அது உகந்ததா என்பதைப் பயணத்துக்கு முன்னரே வீட்டிற் சோதித்தறிதல் வேண்டும்.

இம்மருந்து பற்றிப் பெற்றார் மறவாது கொள்ளவேண்டிய விதி ஒன்றுண்டு. குளிசை உண்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் தொடங்கி, உண்ட பின் எட்டு மணி நேரம் வரை, தாகந்தணிக்கும் ஒரு மிடறு தவிர வேறெந்தப் பானமும் குடித்தலாகாது. சிறுநீரகம் நீரை வெளியேற்றாது தடுத்து நிற்கும் வேளையிலே மேலும் நீரைக் குடித்தால், அந்நீர் குருதியிலே தங்கி, அங்குள்ள சோடியம் என்னும் உப்பைச் செறிவு குறையச் செய்யும். அப்போது தலைவலி, குமட்டல், வாந்தி, மயக்கம் தோன்றும். கடுமையானால் வலிப்பும் மரணமும் நேரலாம். மூக்கிற் பீய்ச்சும் வகையைப் பயன்படுத்திய பிள்ளைகளிடத்து இவ்வாபத்து மிகுதியாகக் கண்டமையால், 2007ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் அவ்வகையைப் படுக்கை நனைத்தலுக்கு வழங்கலாகாது என அறிவித்தது. பிரித்தானியாவும் அவ்வாண்டிலேயே அம்முடிவை மேற்கொண்டது. குளிசைக்கும் நீர் விதி பொருந்தும். ஆகவே, இராச் சாப்பாட்டுக்குப் பின் பாலோ தேநீரோ கொடுக்கும் வழக்கமுள்ள வீட்டிலே, அம்மம்மா முதல் அண்ணன் ஈறாக யாவரும் இவ்விதியை அறிந்திருத்தல் வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் கண்ட நாட்களில் பிள்ளைக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படும். அந்நாட்களிற் குளிசையை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது மருந்து ஒக்சிபியூற்றினின். இது சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்துவது. பகலிலும் அடக்க இயலாது ஓடும் பிள்ளைகளுக்கு, பிற சிகிச்சையோடு சேர்த்து, அனுபவமுள்ள வைத்தியர் இதனைக் கொடுப்பதுண்டு. இரவில் மாத்திரம் நனைப்பவர்க்கு இதனைத் தனியே கொடுப்பதாற் பெரும் பயனில்லை. வாய் உலர்தல், முகஞ் சிவத்தல், மலச்சிக்கல் ஆகியன இதனால் வரக்கூடும். மலச்சிக்கலே நோயை வளர்க்கும் என்பது முன்னரே கூறப்பட்டது.

இம்மூன்று மருந்துகளுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. இவை நனைதலை அடக்கி வைக்கின்றனவேயன்றி, அதன் வேரை அகற்றுவனவல்ல. நிறுத்தியபின் மீண்டும் நனைந்தாற் பிள்ளையின் குற்றமன்று; மருந்தின் இயல்பு. அதனாலேயே டெஸ்மோபிரெசினை உண்போர்க்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு கிழமை நிறுத்திப் பார்க்கின்றனர். அவ்விடைவேளையிற் பிள்ளை தானாகவே உலர்ந்திருப்பின் மருந்து தேவையில்லை. யாதொரு சிகிச்சையுமின்றியே ஆண்டுதோறும் நூற்றுக்கு 15 பிள்ளைகளளவில் இதிலிருந்து விடுபடுகின்றனர். மருந்து செய்வதெல்லாம், அந்நாள் வரும்வரை பிள்ளை மானத்தோடு உறங்க இடமளிப்பதே.

அவ்வாறாயின் வாளா காத்திருக்கலாமே எனச் சிலர் கேட்பர். ஐந்து, ஆறு வயதிற் காத்திருத்தல் பெரும்பாலும் போதுமானது. ஆனால், பிரித்தானியாவின் நைஸ் எனப்படும் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், ஏழு வயதுக்குட்பட்டோர் என்பதற்காகவே எவர்க்கும் சிகிச்சையை மறுக்கலாகாது என்கின்றது. குமரப் பருவத்தினரைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. அவ்வயதிலும் எஞ்சி நிற்போருட் பலர் கிழமையிற் பல இரவுகள் நனைப்பவராயிருப்பர். அவர்க்குத் தானாகத் தீரும் வாய்ப்புக் குறைவு. பதினைந்து வயதுப் பிள்ளையொன்று தாயாரிடங்கூடப் பேசக் கூசும். தன் துணியைத் தானே இரகசியமாகத் துவைத்து, விடியுமுன் உலர்த்திக்கொண்டு, நண்பரின் அழைப்புகளை எல்லாம் மறுத்துக்கொண்டிருக்கும். அத்தகைய பிள்ளையை, வைத்தியரிடம் தனித்துப் பேச இடங்கொடுத்து அழைத்துச் செல்லுதல் பெற்றாரின் கடமையாகும்.

மருந்து கொடுக்கப்பட்டபின் பெற்றார் செய்யவேண்டியன சிலவுள. நனைந்த இரவையும் உலர்ந்த இரவையும் நாட்காட்டியிற் குறித்து வைத்தியரிடம் காட்டுதல்; அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த குளிசையைத் தம் பிள்ளைக்குக் கொடாதிருத்தல்; அளவைத் தாமாக ஏற்றாதிருத்தல்; மெத்தையின்மேல் நீர்புகா விரிப்பொன்றை இட்டு வேலையைக் குறைத்துக்கொள்ளல்; நீர் விதியைக் கடைப்பிடித்தமைக்கும் படுக்கைக்கு முன் கழித்தமைக்கும் பிள்ளையைப் பாராட்டுதல் என்பனவாம். உலர்ந்த பாய்க்காகப் பரிசு கொடுப்பது முறையன்று. அது பிள்ளையின் வசத்தில் உள்ளதன்று.

புலமைப்பரிசில் பெற்ற அச்சிறுவன் பட்டணத்துக்குப் போவானா? விடுமுறையின் தொடக்கத்திலேயே தாயார் வைத்தியரை நாடியிருப்பின், சோதனைகளுக்கும் மருந்தை முன்கூட்டிப் பரீட்சித்துப் பார்ப்பதற்கும் காலமுண்டு. விடுதிப் பொறுப்பாளர் ஒருவர்க்கு மாத்திரம் செய்தியை இரகசியமாகத் தெரிவித்தால், குளிசையைப் பூட்டி வைத்து வேளைக்குக் கொடுக்கவும், இரவிலே நீர் குடியாதபடி பார்த்துக்கொள்ளவும், நேர்ந்துவிட்ட நாளில் ஆரவாரமின்றி விரிப்பை மாற்றிக் கொடுக்கவும் ஒருவர் இருப்பார். இவ்வளவுக்கும் முதலில் வேண்டுவது, அவன் ஏன் மறுக்கின்றான் என்று வீட்டிலே யாரேனும் ஒருவர் கோபமின்றிக் கேட்பதேயாகும்.